சட்டைப் பையில் இருந்த உப்பு

பேக்கரியில் அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடம் அடுப்படியில் நின்றவர். கை நல்ல கை, அதில் சந்தேகமே இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். "என் கை பட்ட ரொட்டியில ஒரு நாளாவது குறை வந்திருக்கா?" என்று தினமும் நான்கு தடவையாவது கேட்பார். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். திறந்தால் பழைய கதை முழுவதும் ஆரம்பித்துவிடும்.

மாவு பிசையும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர் அக்கா. கணவர் இல்லை, கல்லூரியில் படிக்கும் மகள் உண்டு. ஞாயிறுதோறும் மாஸ்டர் ஆராதனைக்குப் போகும் சபைக்குத்தான் அக்காவும் போவார். மாஸ்டருக்கு முன்வரிசை, அக்காவுக்குக் கடைசி வரிசை.

உப்பை மட்டும் மாஸ்டர் யாரையும் தொட விடமாட்டார். தானே நிறுத்து, காகிதத்தில் பொட்டலம் கட்டி, இயந்திரத்தின் விளிம்பில் வைப்பார். அக்கா அதை எடுத்து மாவில் கொட்டுவார். பொட்டலம் இல்லையென்றால் மாஸ்டரே போட்டுவிட்டார் என்று அர்த்தம். கேட்டால் கோபம் வரும்.

ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போன ரொட்டி அத்தனையும் திரும்பி வந்தது. சப்பென்று இருந்தது, ஒரு கல் உப்பு இல்லை. முதலாளி கத்திய கத்தலில் தட்டுகள் அதிர்ந்தன.

"நான் வச்சேன். இவங்கதான் போடல" என்றார் மாஸ்டர். பொய் சொல்வதாக அவர் நினைக்கவில்லை, தான் தவறுவதாவது!

"பொட்டலத்தையே நான் பாக்கலையே மாஸ்டர்" என்றார் அக்கா.

முதலாளி யார் பேச்சை நம்புவார்? நாளையிலிருந்து வரவேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டார். அக்கா ஏப்ரனைக் கழற்றி, மடித்து, இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை மாஸ்டரின் மனைவி துவைக்க எடுத்த சட்டையிலிருந்து ஒரு பொட்டலம் விழுந்தது. "என்னங்க இது, உப்பைப் போய் பையில வச்சுக்கிட்டுத் திரியிறீங்க?"

மாஸ்டருக்கு அப்போதுதான் காலையில் நடந்தது ஞாபகம் வந்தது. நிறுத்துக் கையில் எடுத்த நேரம் போன் வந்தது. யாரோ அவர் ரொட்டியைப் புகழ்ந்தார்கள். கேட்டுக்கொண்டே பொட்டலத்தைப் பைக்குள் போட்டிருக்கிறார். "சும்மாதான்" என்று பிடுங்கி அலமாரிக்கு மேல் வைத்தார். அன்றோடு தூக்கம் போயிற்று.

மனிதர் சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. முழங்கால் தேய ஜெபித்தார். வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தார். "ஆண்டவரே, அக்காவுக்கு வேற நல்ல வேலையா ஒண்ணு காட்டும்" என்று கண்ணீரோடு மன்றாடினார். என்ன சாமர்த்தியம் பாருங்கள்! தான் கொட்டியதை ஆண்டவர் வந்து அள்ளவேண்டுமாம். ஆண்டவர் முன்னால் குனிவது அவருக்குக் கஷ்டமாகவே இல்லை. அக்கா முன்னால் குனிவதை நினைத்தால்தான் கழுத்து விறைத்தது.

அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு வந்தது. அன்று திருவிருந்து, சபையார் எழுந்துபோய் அப்பமும் ரசமும் வாங்கிக்கொள்ளும் நாள். அதற்கான அப்பத்தைச் சுடுவது எப்போதும் மாஸ்டர்தான். மனத்தாங்கல் இருப்பவர்கள் ஒப்புரவாகிவிட்டு வாருங்கள் என்று போதகர் வழக்கம்போலச் சொன்னார். எல்லோரும் எழுந்தார்கள். தன் கையால் சுட்ட அப்பத்தை வாங்கிக்கொள்ள மாஸ்டரால் எழ முடியவில்லை. பெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

கடைசி வரிசையிலிருந்து வந்த அக்கா அவர் பக்கத்தில் நின்றார். "என்ன மாஸ்டர், மூஞ்சி இப்படி வாடியிருக்கு? உடம்புக்கு முடியலையா? ஜெபம் பண்ணிக்கிறேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை.

"அக்கா, அந்த உப்பு என் பையில இருந்துச்சு. அன்னைக்கே தெரியும். நான் சொல்லல."

முன்னால் போனவர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா அவரை நேராகப் பார்த்தார். "ஒரு மாசம் மாஸ்டர். எம்பொண்ணு முகத்தப் பாக்க முடியாம ஒரு மாசம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "முதலாளிகிட்ட சொல்லுங்க. மத்ததை அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு முன்னே நடந்தார்.

முதலாளி வெளியூர் போயிருந்தார், சனிக்கிழமைதான் வந்தார். வேலை போய்விட்டால் இந்த வயதில் எங்கே போய் நிற்பது? மாஸ்டர் வாரம் முழுவதும் ஒரே ஜெபத்தைத்தான் செய்தார். "எனக்கு ஒண்ணும் தெரியல ஆண்டவரே. என்ன ஆனாலும் சரி, நீரே பாத்துக்கும்." இருபத்திரண்டு வருடத்தில் தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை காலை, அத்தனை பேர் முன்னிலையிலும் கசங்கிய பொட்டலத்தை மேசைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். முதலாளி வாங்கு வாங்கென்று வாங்கினார். கடைசியில் அக்காவுக்குத் தானே போன் போட்டு, மன்னிப்புக் கேட்டு, திங்கட்கிழமை வரச் சொன்னார். "இனிமே உப்புக்கு அவங்கதான் பொறுப்பு. நீங்க அந்தப் பக்கமே போகக்கூடாது" என்று மாஸ்டரிடம் சொன்னார்.

"சரிங்க" என்றார் மாஸ்டர். அவமானமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தார். இருந்தது, இல்லாமல் என்ன? ஆனால் நெஞ்சின் மேலிருந்து மாவு மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோலவும் இருந்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

மறுநாள் சபையில் மாஸ்டர் முன்வரிசைக்குப் போகவில்லை. மனைவியோடு கடைசி வரிசைக்கு வந்தார். "இங்க உக்காரலாமா அக்கா?" என்று கேட்டார். அக்கா நகர்ந்து இடம் விட்டார்.

பிரசங்கம் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மாஸ்டரின் தலை சாய்ந்தது. பத்தாவது நிமிடத்தில் குறட்டையே வந்துவிட்டது. முன்வரிசைகள் திரும்பின. யாரோ சிரித்தார்கள். மனைவி மானம் போகிறதே என்று முழங்கையை ஓங்கினார்.

அக்கா எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க, எழுப்பாதீங்க. தூங்கட்டும்."