பின்வாங்காத வண்டி

என் முதல் காரை வாங்கும்போது, அதை முன்னால் மட்டும்தான் ஓட்டிப் பார்த்தேன். என் அறிவின் நீள அகலம் இந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்.

கல்லலில் ஒரு வேப்பமரத்தடியில், சாலையைப் பார்த்தபடி நின்ற பழைய வெள்ளைக் கார் அது. விற்றவர் எதையும் ஒளிக்கவில்லை. “இது பின்வாங்குற வண்டியே இல்லண்ணே” என்று அதன் முதுகில் தட்டிச் சொன்னார். வண்டியின் வீரத்தைச் சொல்கிறார் என்று நினைத்து, காரைக்குடிவரை பெருமையாக ஓட்டி வந்தேன். வீட்டு வாசலில் திருப்பப் பார்த்தபோதுதான் அவர் எவ்வளவு நேர்மையான மனிதர் என்று புரிந்தது. ரிவர்ஸ் கியர் விழவே இல்லை.

மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். “கியர்பாக்ஸப் பிரிச்சா முன்னாடி போறதும் போயிரும். இருக்கிறத வச்சு ஓட்டுங்கண்ணே.”

ஓட்டினேன். எங்கள் ஊரில், ஒரு தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக வீடு கட்டி, கோடு போட்டாற்போல் தெருக்களை அமைத்துவிட்டுப் போனவர்களுக்கு என்னைவிட நன்றிக்கடன்பட்டவன் எவனும் இல்லை. எதைத் தாண்டிப் போனாலும் நாலு முக்குத் திரும்பினால் அதே இடத்துக்கு வந்துவிடலாம். குன்றக்குடியில் மட்டும் ஒருமுறை சுவரை முட்டினாற்போல் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். பாதயாத்திரை வந்தவர்கள் “அரோகரா” போட்டுத் தள்ளிவிட்டார்கள்.

என் மனைவி அப்போதுதான் வீட்டில் பலகாரம் சுட்டு விற்கத் தொடங்கியிருந்தாள். முதல் கல்யாண ஆர்டர் நெற்குப்பையிலிருந்து வந்தது. பத்து டின் கைமுறுக்கு, சீப்புச்சீடை, மணகோலம். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்குமுன் தட்டுகளில் இருந்தாக வேண்டும் என்று பெண்ணின் தாயாரான ஆச்சி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தவறினால் அந்தப் பக்கம் இனி ஒருவரும் அவளிடம் வாங்க மாட்டார்கள்.

நாலு நாளாக அடுப்படியே கதியாகக் கிடந்தவள், “ஒரு வேன் சொல்லிருவமா?” என்றாள்.

“நான் எதுக்கு இருக்கேன்?” என்றேன். அவள் காரை ஒருமுறை பார்த்துவிட்டு டின்களுக்கு மூடி போடப் போனாள். வேனே சொல்லியிருக்கலாம்.

டின்களோடு அவளையும் ஏற்றிக்கொண்டு, முறுக்கு நொறுங்கக் கூடாதென்று மாட்டுவண்டி வேகத்தில் போனேன். நெற்குப்பை வந்தபோதே நேரமாகிவிட்டது. அங்கே வாழைமரத்தையும் பந்தலையும் வாய்பார்த்தபடி, கல்யாண வீட்டைத் தாண்டி நாலு வீடு போய்விட்டேன். “ஏங்க, வீடு பின்னாடி போயிருச்சு!” என்று அவள் கத்தவும், எதிரே பூச்சுற்றிய மாப்பிள்ளைக் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. தெருவின் இரு ஓரமும் கார்கள். நடுவில் ஒரு வண்டிக்குத்தான் இடம்.

“பின்னாடி எடுங்கண்ணே!” என்றார் எதிர் டிரைவர்.

“நீங்க எடுங்க.”

“எனக்குப் பின்னாடி ரெண்டு வேன் நிக்குது. உங்களுக்குப் பின்னாடி காத்துதான் நிக்குது!”

உண்மையைச் சொல்ல வெட்கம். விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் இறங்கி வந்து கும்பிட்டார். “பொண்ணு வீட்டுப் பங்காளியா, தம்பி? என்ன மனத்தாங்கலா இருந்தாலும் பேசிக்கிருவம். தாலி கட்டுற அன்னைக்கி மறிக்காதீக.”

என் மனைவி இறங்கினாள். “அவுகளுக்குக் கோவமெல்லாம் இல்லைங்க. வண்டிக்குப் பின்னாடி போகத் தெரியாது.”

தெருவே சிரித்தது. வேன்களிலிருந்து இறங்கிய இளவட்டங்கள் தள்ள வந்தார்கள். அவள் குறுக்கே நின்று, “தள்ளாதீக! முறுக்கு நொறுங்கிரும். மொதல்ல டின்ன எறக்குங்க” என்றாள். ஆளுக்கொரு டின்னைத் தூக்கிக்கொண்டார்கள். பெரியவரும் ஒன்றை வாங்கிக்கொண்டார்.

எதிர்கொண்டு அழைக்க வந்த நாகஸ்வரம் முன்னே போக, மாப்பிள்ளை வீட்டார் தங்களுக்கான பலகாரத்தைத் தாங்களே சுமந்துகொண்டு பெண் வீட்டுக்கு நடந்தார்கள். ஆரத்தித் தட்டோடு நின்ற ஆச்சியின் முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. பெரியவர் வழியிலேயே மூடியைத் திறந்து ஒரு பிடி மணகோலத்தை வாயில் போட்டிருந்தார். டின்னைக் கீழே வைக்காமல் கேட்டார்: “யாரு சுட்டது? எங்க வீட்டு அறுபதாங்கல்யாணச் சாந்திக்கும் இவுககிட்டயே சொல்லிருவம்.”

இன்று என் மனைவியிடம் ஆறு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். இப்போதுள்ள காரில், பின்னால் வருவதைக் காட்ட ஒரு திரைகூட உண்டு. பழையது இரும்புக் கடைக்குப் போய் வெகுநாளாகிறது. ஆனாலும் ஒழுங்காகப் பின்னால் போகிற வண்டியாக இருந்திருந்தால், அன்று அந்தப் பெரியவர் கைக்கு டின் போயிருக்காது. அந்த நன்றி எனக்கு இருக்கிறது.

அன்று கிளம்பும்போது, ஆச்சி என் மனைவியின் கையைப் பிடித்து அடுத்த விசேஷத்துக்கும் ஆர்டர் சொல்லிக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் எனக்கும் தலைகால் புரியவில்லை.

“கவலப்படாதீக ஆச்சி. அதையும் நானே கார்ல கொண்டாந்து எறக்கிர்றேன்” என்றேன்.

ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“பலகாரம் மட்டும் வரட்டும்.”