நான் கேட்ட பாசிட்டிவ், அம்மன் தந்த நெகட்டிவ்

கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் கரும்பு வைத்துப் பிழைக்கிறவன் நான். எட்டாவதோடு படிப்பு நின்றது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் மாரியம்மன் என் வீட்டில் விளக்கு அணையாமல் காத்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆடி மாதம். என் மனைவி செல்விக்கு முகமும் காலும் வீங்கின. கள்ளக்குறிச்சியில் டெஸ்ட் எடுத்துப் பார்த்து, இரண்டு கிட்னியும் கெட்டுவிட்டது என்றார்கள். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்தபடியே திரும்புவாள். பெண் பிள்ளைகள் இருவருக்கும் நான்தான் தலை பின்னிவிட்டேன். ஒரு சடை மேலே, ஒரு சடை கீழே. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போவார்கள். அப்புறம் நான் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து அழுவேன்.

மாற்றுக் கிட்னி வைத்தால் பிழைப்பாள் என்றார் சென்னை டாக்டர். நான் தருகிறேன் என்று அங்கேயே சட்டைக் கையைச் சுருட்டினேன். எங்கள் இருவருக்கும் ஒரே இரத்த வகைதான். “இன்னும் கிராஸ்மேட்ச்னு ஒரு டெஸ்ட் இருக்கு. ரெண்டு பேர் ரத்தத்தையும் கலந்து பார்ப்போம். பாசிட்டிவ் இல்லன்னா நெகட்டிவ்னு வரும்” என்றார். எது நல்லது என்று நான் கேட்கவில்லை. அதில் கேட்க என்ன இருக்கிறது?

ஊர் வந்ததும் ஈரத் துணியோடு அம்மனைப் பதினோரு சுற்று சுற்றினேன். சுற்றுக்கு ஒரு தரம், “தாயே, பாசிட்டிவ்னு வரணும்” என்று சத்தமாக வேண்டினேன்.

பூசாரி எட்டிப் பார்த்தார். “இன்னாப்பா, ஆத்தாகிட்ட இங்கிலீஷுல பேசிக்கினு கீற?”

“அவளுக்குத் தெரியாத பாஷையா?” என்றேன்.

கேட்டதை அப்படியே கொடுத்தாள். பாசிட்டிவ் என்றே வந்தது.

ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கி வார்டு முழுக்கக் கொடுத்தேன். நர்ஸம்மா ஒன்றை எடுத்துக்கொண்டு, “இன்னாங்க விசேஷம்?” என்று கேட்டார். “பாசிட்டிவ் வந்துடுச்சுங்க!” என்றேன். அவர் கை வாய்க்குப் போகாமல் நின்றது. என்னை டாக்டரிடம் கூட்டிப் போனார்.

பாசிட்டிவ் என்றால் சேராது என்று அர்த்தமாம். என் பிள்ளைகளை வயிற்றில் சுமந்தபோதே அவள் இரத்தம் என் உடம்பின் அடையாளத்தைப் பார்த்து, அதை எதிர்க்கப் பழகிவிட்டதாம். என் கிட்னியை வைத்தால் அவள் உடம்பு அதை அழித்துவிடும் என்றார்.

செல்விதான் வாயைத் திறந்தாள். “கல்யாணம் ஆன மறுமாசமே சொன்னேனே, உனக்கும் எனக்கும் ஒத்து வராதுன்னு. நீ கேட்டியா?”

டாக்டரே சிரித்துவிட்டார். பஸ் ஏறியதும் நாங்கள் இருவரும் அழுதோம்.

அவளுக்குக் கூடப் பிறந்தவர்கள் இருந்தால் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சின்னசேலத்தில் ஒரே தம்பி, ஏழுமலை. ஆனால் என் பெரிய மகள் காதுகுத்துக்கு அவன் வந்த பஸ் தாமதம். நான் அவசரப்பட்டு, பங்காளி ஒருவர் மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் குத்திவிட்டேன். தாய்மாமன் வந்து பார்த்தபோது பிள்ளை காதில் தோடு. சீர்த்தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனவன்தான். ஐந்து வருஷம் பேச்சில்லை. எந்த முகத்தோடு போய்க் கேட்பேன்?

மறுநாள் காலை அம்மன் முன்னால் நின்றேன். இந்தத் தரம் இங்கிலீஷ் வார்த்தை வாயில் வரவில்லை. “தாயே, எனக்கு ஒண்ணும் தெரியல. அவ பொழைக்கணும். நீ எப்படிக் குடுக்கணுமோ அப்படிக் குடு” என்று மட்டும் சொன்னேன். மனசுக்குள் ஒரே நினைப்புதான் வந்தது: சின்னசேலம் பஸ்ஸில் ஏறு.

வாசலில் என்னைப் பார்த்ததும் ஏழுமலை எழுந்து நின்றான். “மச்சான், அன்னிக்கு நான் பண்ணது தப்பு” என்று ஆரம்பித்தேன்.

“அக்காவுக்குக் கிட்னி கெட்டுடுச்சுன்னு ஊரே சொல்லுது. நீ வந்து சொல்ல இவ்ளோ நாளா மாமா? ரெண்டு கீதில்ல எனக்கு, ஒண்ணு எடுத்துக்கினு போ” என்றான். அவன் மனைவியும், “அண்ணி நல்லாகட்டுங்க, கூட்டிக்கினு போங்க” என்று மனசாரச் சொன்னாள்.

எல்லா டெஸ்ட்டும் முடிந்தது. கடைசியில் கிராஸ்மேட்ச். நர்ஸம்மா தூரத்திலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு வந்தார். “நெகட்டிவ்! இப்ப வாங்குங்க ஜாங்கிரி!”

பூசாரிக்குப் போன் போட்டு, “சாமி, நெகட்டிவ் வந்துடுச்சு!” என்று கத்தினேன். அந்தப் பக்கம், “ஐயோ, ஆத்தா கைவிட்டுட்டாளே!” என்று அழுகை. “அழாதீங்க சாமி, நெகட்டிவ்தான் நல்லதாம்!” என்று புரியவைப்பதற்குள் போனில் பாதி சார்ஜ் போய்விட்டது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அக்காவும் தம்பியும் நன்றாக இருக்கிறார்கள். சடையை இப்போது செல்விதான் பின்னுகிறாள். நானோ, பேசாமல் விட்டிருந்த இன்னும் இரண்டு பங்காளி வீட்டுக்கும் போய் வந்துவிட்டேன்.

மனக்கஷ்டத்தில் இருக்கிறவர்களே, அம்மனிடம் போய் நில்லுங்கள். சரியான வார்த்தை தெரியவில்லையே என்று பயப்படாதீர்கள். நான் தப்பாகக் கேட்டேன், அவள் சரியாகக் கொடுத்தாள்.

போன தை மாதம் சின்னவளுக்குக் காது குத்தினோம். பஸ் அன்றைக்கும் தாமதம்தான். ஆசாரி, பூசாரி, பங்காளிகள் என்று ஊரே காத்திருந்தது. தாய்மாமன் வந்து உட்கார்ந்த பிறகுதான் பிள்ளையை அவன் மடியில் வைத்தேன்.