கை இல்லாத மழைச்சட்டை

புதுத் துணி எது கைக்கு வந்தாலும் டெல்சி முதலில் அதைத் தலையில் போட்டுக்கொண்டு பீலிக்கரையில் போய் உட்காருவாள். மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பக்கத்தில் குழாய் வழியாகக் கொட்டுகிற இடம் அது. மற்றப் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்க, இவள் தண்ணீருக்கு நேர் கீழே குந்திக்கொண்டு கண்ணை மூடிக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். "என்னக்கா, ஏதும் நேத்திக்கடனா?" என்று யாராவது கேட்பார்கள். "பேசாம இரு புள்ள, துணி என்னா சொல்லுதுன்னு கேக்குறேன்" என்பாள். சலசலவென்று சத்தம் போடும் துணி அவளுக்கு ஆகாது. மலையில் குளவி கிளம்பி வருவது காதில் விழாமல் போய்விடுமாம்.

லிந்துலை டவுனில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் அவளுடைய தையல் கடை. மெசின் இரண்டு, ஸ்டூல் ஒன்று, பெயர்ப்பலகை கிடையாது. வயது நாற்பத்திரண்டு. பதினொரு வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். ஆறு வருடத்துக்கு முன் முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கியதும் கூடையை இறக்கிவிட்டு மெசினில் உட்கார்ந்தாள். அளவெடுக்கும் டேப் எந்நேரமும் கழுத்தில் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் அப்படியே போய், பாதர் ஒரு மாதிரி பார்த்த பிறகுதான் சுருட்டிப் பைக்குள் போடுவாள். பூசை முடியும்வரை அவள் கண் முன் வரிசைக்காரர்களின் தோள் தையலில்தான் இருக்கும். வாயில் எப்போதும் நாலைந்து குண்டூசி. ஊசிகளைக் கடித்துக்கொண்டே ஊர்க்கதை முழுக்கப் பேசுவாள். ஊசியை எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

இந்த மாடிப்படியில்தான் போன வருடம் நிரஞ்சன் ஏறி வந்தான். கொழுந்து பறிக்கிற பெண்களுக்கென்றே ஒரு மழைச்சட்டை செய்ய கொழும்புக் கம்பெனி ஒன்று முடிவெடுத்து, வடிவமைக்கும் வேலையை இவனிடம் கொடுத்திருந்தது. மாதிரி தைக்க ஆள் வேண்டும்.

"எனக்கும் தோட்டந்தான்க்கா. அப்பா வட்டவளை" என்றான் எடுத்த எடுப்பில்.

"அப்பா வட்டவளை, சரிங்க தம்பி. நீங்க?"

"நான் பொறந்து வளர்ந்ததெல்லாம் கொழும்புல, வெள்ளவத்தை."

"அப்பாவயும் கூட்டிக்கிட்டு வந்திருக்கலாமே" என்றாள் டெல்சி, ஊசிகளுக்கு நடுவே.

நல்ல பிள்ளை. கோபித்துக்கொள்ளாமல் சிரித்தான். அவன் கொண்டுவந்த படமும் நன்றாகத்தான் இருந்தது. கை வைத்து, தலைக்கு மூடி வைத்து, முன்னால் இழுத்துப் பூட்டுகிற சிப் வைத்து, முழங்கால்வரை ஒரே உடுப்பு. பனிமலை ஏறுகிறவர்கள் போட்டால் எடுப்பாக இருக்கும். நம் பெண்கள் மழைக்குப் போடுவது வேறு. தலையிலிருந்து முதுகு வழியாக இறங்கும் நீளமான ஒற்றை விரிப்பு, கொங்காணி. ஒரு காலத்தில் கம்பளி, இப்போது பொலித்தீன். இடுப்பைச் சுற்றித் தனியாக ஒரு படங்குத் துணி. இரண்டுக்கும் மேலே, தலையில் கயிறு மாட்டித் தொங்கும் கூடை. இதையெல்லாம் பார்த்த நிரஞ்சனுக்கு வறுமை மட்டுமே தெரிந்தது. பாவம், கிடைத்ததைச் சுற்றிக்கொண்டு நிற்கிறார்கள் என்று நினைத்துவிட்டான்.

முதல் மாதிரியை முப்பது பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முப்பது பேரும் "நல்லா இருக்குங்க" என்றார்கள். நிரஞ்சன் தாளில் முப்பது சரி போட்டுக்கொண்டு கொழும்புக்குப் போனான். மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில் முப்பது பேரும் பழைய பொலித்தீனோடு வந்து நின்றார்கள். செய்தி கேட்டு அவன் திரும்பி வந்தபோது முகம் விழுந்துபோயிருந்தது.

"பிடிக்கலன்னா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா?"

"மழையில நனைஞ்சு அம்புட்டுத் தூரம் ஏறி வந்த புள்ளகிட்ட எப்படித் தம்பி சொல்லுவாங்க? நல்லா இருக்குன்னா, பாத்துப் பத்திரமா வீட்டுக்குப் போங்கன்னு அர்த்தம்."

அன்றிலிருந்து அவன் சரி போடுவதை விட்டுவிட்டு டெல்சியின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார ஆரம்பித்தான். அவள் சுண்ணாம்புக்கட்டியால் துணியில் கோடு போடுவாள். அவன் தன் டெப் திரையில் அதையே வரைவான். தலைமூடி காதை அடைக்கிறது, அந்த இடத்தை வெட்டு. கூடைக்கயிறு அழுத்துகிற உச்சியில் மெத்தென்று ஒரு மடிப்பு வை. தேயிலைச் செடியின் வாதுக்கிளை முதலில் கிழிப்பது இடுப்பைத்தான். அதனால்தான் படங்கு தனியாக இருக்கிறது. ஒன்றாகத் தைத்தால் ஒரு மாதத்தில் முழுச் சட்டையும் குப்பைக்குப் போய்விடும். அவள் சொல்லச் சொல்ல நிரஞ்சன் தலையில் கை வைத்துக்கொண்டான். இரண்டாவது மாதிரி இப்படிப் பிறந்தது. எல்லாவற்றையும் மாற்றியவள் சட்டைக் கையை மட்டும் விட்டுவைத்தாள். கை வெட்டுவதில் அவளை அடிக்க லிந்துலையில் ஆளில்லை என்பது ஊருக்குத் தெரியும். அவளுக்கும் கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

அந்த மாதிரியை எட்டுப் பேருக்குப் போட்டுவிட்டு டெல்சியும் கூடவே மலைக்குப் போனாள். தூறல் விடவில்லை. பத்து மணி இருக்கும். பிரியந்தி என்கிற இளம்பெண் தான் பறித்துக்கொண்டிருந்த நிறை வரிசையை விட்டு இறங்கி வந்து, "ஒதுங்கணும்க்கா" என்றாள். அந்த மலையில் கக்கூஸ் கிடையாது. இத்தனை ஏக்கர் தேயிலைக்கு இடம் இருந்தது, அதற்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை. யாராவது ஒதுங்க வேண்டுமென்றால் நாலு பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கொங்காணியை உருவி, சுற்றி நின்று விரித்துப் பிடிப்பார்கள். விரிப்புகள் சுவராகிவிடும். மாதத்தில் அந்த மூன்று நாளுக்கும், நனைந்த ஜாக்கெட்டை மாற்றுவதற்கும் அதே சுவர்தான். பெண்களுக்குள் இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆண்களிடம் சொல்லுகிற பேச்சே இல்லை.

எட்டுப் பேரும் கைவைத்த சட்டையோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூத்தவள் ராக்காயி சட்டையைக் கழற்றி, மழையில் நனைந்துகொண்டு விரித்துப் பார்த்தாள். இரண்டு கையும் இரண்டு பக்கம் தொங்கின. சிப் திறந்த இடத்தில் மலை தெரிந்தது. "வேணாங்க பெரியம்மா, நான் அடக்கிக்கிறேன்" என்று பிரியந்தி கூடையை மாட்டிக்கொண்டு போனாள். பன்னிரண்டு மணிக்கு லயத்துக்கு இறங்கும்வரை அடக்கிக்கொண்டு பறித்தாள்.

ராக்காயி சத்தம் போடவில்லை. "நீயும் பதினொரு வருசம் புடிச்சவதானே, புள்ள?" என்று மட்டும் கேட்டாள்.

டெல்சிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வெள்ளவத்தைப் பிள்ளைக்குத் தெரியாதது குற்றமா? தான் எப்படி மறந்தோம்? ஆறு வருடம் ஸ்டூலில் உட்கார்ந்ததில் உடம்பு மறந்துவிட்டது, அவ்வளவுதான் என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள். சமாதானம் ஆகவில்லை. அன்று மாலையே இரண்டு கையையும் தானே வெட்டிப் போட்டாள். ஆனால் கம்பெனி அதற்குள் கை வைத்த அந்த மாதிரியை ஏற்றுக்கொண்டிருந்தது. துணி வெட்ட நாள் குறித்தாகிவிட்டது. ஒரு தடவை வெட்டிவிட்டால் அப்புறம் அழுதும் பிரயோசனமில்லை.

அடுத்த வாரம் தோட்டத்து ஆபிஸில் கூட்டம். தோட்ட மேனேஜர் தொரை, தொழிற்சங்கத் தலைவர், கணக்கப்பிள்ளை, நிரஞ்சன், டெல்சியைத் தவிர எல்லோரும் ஆண்கள். கை எதற்கு வேண்டாம் என்று கேட்டார்கள். டெல்சி வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தொரையின் மேசையில் வரிசையாக வைத்தாள். பிறகு சொன்னாள். பூசி மெழுகாமல், பிரியந்தியின் பெயரை மட்டும் விட்டுவிட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். தலைவர் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார். நிரஞ்சனுக்குக் காது சிவந்துவிட்டது.

"அதுக்கு டொய்லட் கட்ட பிளான் இருக்குதானே" என்றார் தொரை.

"கட்டுங்க தொர, யாரு வேணாம்னா? கட்டி முடிக்கிற வரைக்கும் எங்க பொம்பளைங்க அடக்கிக்கிட்டு நிக்கவா?"

அவள் பையிலிருந்து புது மாதிரியை எடுத்தாள். கை இல்லை, சிப் இல்லை. தலையிலிருந்து இறங்கும் ஒற்றை விரிப்பு. உடம்போடு நிற்பதற்கு விலாப்பக்கம் பிரஸ் பட்டன்கள். ஒரே இழுப்பில் எல்லாப் பட்டனும் விட்டுவிடும், விரித்தால் ஆறடி. காற்று பிடுங்காமல் இருக்க இரண்டு மூலையிலும் பெருவிரல் நுழைகிற வளையம். காதுக்கு வெட்டிய இடமும் உச்சி மடிப்பும் தனிப் படங்கும் முன்பு மாதிரியே.

"பழைய கொங்காணிதானே இது?" என்றார் கணக்கப்பிள்ளை.

"ஆமாங்க. அதுல என்னா கொற இருந்துச்சுன்னு இப்பத்தான் தேடிப் புடிச்சு மாத்தியிருக்கேன்."

நிரஞ்சன் அன்றே கொழும்போடு பேசினான். அங்கிருந்து ஒரு படிவம் வந்தது. சட்டையின் விசேஷங்கள் ஐந்து, கட்டங்கள் ஐந்து. ஒவ்வொன்றையும் பெண்கள் மலையில் உபயோகிக்கும் படம் வெள்ளிக்கிழமைக்குள் வந்தாக வேண்டும். வராவிட்டால் திங்கட்கிழமை கை வைத்த சட்டையே வெட்டு மேசைக்குப் போகும். வெள்ளிக்கிழமை காலை டெல்சி முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு, தானும் ஒரு மாதிரியைப் போட்டுக்கொண்டு ஏறினாள். நாலு கட்டத்துக்குப் படம் ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. ஐந்தாவது, விரித்துப் பிடிப்பது. அதற்குச் சும்மா விரித்துக் காட்டச் சொல்லலாம் என்றான் நிரஞ்சன். பெண்கள் சேலையால் வாயைப் பொத்திச் சிரித்தார்களே தவிர ஒருத்தியும் விரிக்கவில்லை. நாடகம் போட அவர்களுக்கு வரவில்லை.

பதினொரு மணிக்கு மழை இறங்கியது. மேல் நிறையிலிருந்து மீனம்மா என்கிறவள் ஒதுங்க வேண்டுமென்று குரல் கொடுத்தாள். ராக்காயி கூடையை இறக்கினாள், பிரியந்தி இறக்கினாள், இன்னும் இரண்டு பேர் இறக்கினார்கள். படபடவென்று பட்டன்கள் விடுகிற சத்தம் கீழே வரைக்கும் கேட்டது. ஒரு மூச்சுக்குள் நாலு விரிப்பும் ஒன்றோடொன்று சேர்ந்து நின்றுவிட்டன. ஒரு இடுக்குக்கூட இல்லை.

அப்போதுதான் நிரஞ்சன் போனைத் தூக்கினான். அவன் மேல் குற்றம் சொல்ல முடியாது. முப்பது கஜ தூரம். துணி மட்டும்தான் விழும் என்று நினைத்தான். அந்த ஒரு படத்துக்காகத்தான் காலையிலிருந்து மலையில் காத்து நின்றான். அது இல்லாவிட்டால் திங்கட்கிழமை என்ன நடக்கும் என்று டெல்சிக்கும் தெரியும். மேலே பிரியந்தி போனைப் பார்த்துவிட்டாள். விரிப்பு லேசாக ஆடியது.

டெல்சி சேற்றில் நொண்டிக்கொண்டு ஓடினாள். அவன் கையைத் தட்டவில்லை, திட்டவில்லை. அவனுக்கும் மேலே நிற்கிறவர்களுக்கும் நடுவில் வந்து, பெண்களுக்கு முதுகு காட்டி நின்றாள். விலாப்பக்கம் பிடித்து ஓர் இழுப்பு. தலையிலிருந்த விரிப்பை உருவி, வளையங்களில் பெருவிரல்களை நுழைத்து, இரண்டு கையையும் முடிந்தமட்டும் அகட்டி அவன் போனுக்கு முன்னால் பிடித்தாள்.

"இத எடுங்க தம்பி."

ஐந்தாவது கட்டத்துக்கான படத்தில் ஆறடித் துணியும், இரண்டு ஓரத்திலும் இரண்டு பெருவிரலும் மட்டும் விழுந்தன. அவன் எடுத்து முடித்துப் போனைப் பைக்குள் வைத்தான். மழை அவள் வெறுந்தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து "ஆச்சுக்கா" என்று மீனம்மாவின் குரல் வரும்வரை டெல்சி கையை இறக்கவில்லை.