இன்னொரு எருமை

இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. ஆனால் புனே பக்கத்து தேஹு ரோடு லைன் வீடுகளில் என்னைப்போல மராத்தி பேசிய தமிழ்ப் பிள்ளை அப்போது எவளும் இல்லை. பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். அம்மாவுக்கு அந்தப் பாஷை ஒரு சொல் வராது. காய்காரியிலிருந்து கம்பவுண்டர் வரை அம்மா பேசியதெல்லாம் என் வாய் வழியாகத்தான் போகும்.

அப்பாவின் ராணுவ டெப்போச் சம்பளம் பற்றாமல் அம்மா ஒரு எருமை வைத்துப் பால் ஊற்றினாள். ஒரு மழைக்காலத்தில் அது கன்று போட்டது. மறுநாளாகியும் நஞ்சுக்கொடி விழவில்லை. பின்னால் தொங்கி நாற்றம் எடுத்தது. எருமை தீனியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அது போனால் ஐந்து பிள்ளைகளுக்கும் அரை வயிறுதான் என்று அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

மலைப்பக்கத்திலிருந்து புல்கட்டு விற்க வரும் ஆதிவாசிப் பெண் ஒருத்தி எருமையைப் பார்த்தாள். போய், ஒரு அணைப்பு மூங்கில் தழையோடு வந்து, கையாலேயே ஊட்டினாள். பொழுது சாய்வதற்குள் நஞ்சுக்கொடி எல்லாம் ஒரே குவியலாகச் சரிந்து விழுந்தது.

"ஐயோ, கொடல் வந்துடுச்சி!" என்று நான் அலறினேன். புல்காரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவள் கைகழுவிக்கொண்டிருந்தபோது அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்தாள்.

"இன்னொரு எருமை கீதாம். சென புடிச்சி ரெண்டு மாசந்தான் ஆவுதாம். கலைஞ்சி பூடறதுக்குத் தழ எதுனா குடுப்பாளான்னு கேளு."

"நம்மகிட்ட ஒண்ணுதானேம்மா கீது?"

"சொன்னதக் கேளுடி!"

கேட்டேன். பொய் சொல்லக் கூடாதில்லையா, எங்களிடம் இருப்பது ஒரே எருமைதான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைத்தேன். புல்காரியின் சிரிப்பு நின்றது. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள். நாலு கால் உயிருக்குத்தான் தழை கொடுப்பார்களாம், ரெண்டு காலுக்குக் கொடுப்பது அவர்கள் ஆட்களில் வழக்கமில்லையாம். அதையும் அப்படியே அம்மாவிடம் ஒப்பித்தேன்.

"நம்மகிட்ட கோழிகூட இல்லியேம்மா?" என்றேன்.

அடி விழும் என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டேன். விழவில்லை. அம்மா சாணித்தரையிலேயே உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். எருமை பிழைத்ததற்கு யாராவது அழுவார்களா என்று நான் மலைத்து நின்றேன். புல்காரி அம்மாவின் தலையில் ஒருமுறை கைவைத்துவிட்டுப் போனாள். அடுத்த கோடையில் கடைசித் தம்பி பிறந்தான்.

எனக்கே மூன்றாவது தங்கியிருந்தபோது, பிம்ப்ரி பஸ்ஸில் நின்றுகொண்டு போகையில், அந்த இன்னொரு எருமை யாரென்று திடீரென்று விளங்கியது. பிடித்திருந்த கம்பி கையை விட்டு நழுவியது.

அந்தத் தம்பி போன வருஷம் ரிட்டயர் ஆனான். ஞாயிற்றுக்கிழமைகளில் பேரனைக் கூட்டிக்கொண்டு வருவான். "அக்கா, அந்த எருமக் கதையச் சொல்லேன் இவனுக்கு" என்பான். சொல்வேன். குடல் என்று நான் அலறிய இடத்தில் ரெண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

"அப்புறம்?" என்பான் பேரன்.

"அப்புறம் என்ன, எருமை பொழச்சிக்கிச்சி" என்று நான் எழுந்து டீ போடப் போய்விடுவேன்.