ஜலஜா மாமியின் குக்கர் வெயிட்

ஐரோப்பாவைக் கண்டுபிடித்தது குவைத்தில் எங்கள் ஃபஹாஹீல் ஏரியா ஜலஜா மாமிதான். அதற்கு முன்னால் அங்கே குடியிருந்தவர்களுக்கே அது ஐரோப்பா என்று தெரியாது.

எழுபத்திரண்டாம் வருஷம் தன் தம்பி குடும்பத்தோடு போய்ச் சுற்றிவிட்டு வந்தார். அதிலிருந்து, லீவில் அந்தப் பக்கம் போகிற எந்தத் தமிழ்க் குடும்பமும் மாமி வீட்டுக் காபியைக் குடிக்காமல் குவைத்தில் டிக்கெட் எடுப்பதில்லை. காபியோடு மாமியின் உபதேசமும் வரும். ரோமில் கைப்பையை வயிற்றின் மேல் தொங்கவிட வேண்டும். சுவிஸ் ரயிலில் ஏரிப் பக்கமாக உட்கார வேண்டும். ஓட்டல் ரூமில் ஹாட் பிளேட் வைத்துச் சோறு பொங்கலாம். ஆனால் குக்கர் விசிலடிக்கிற நேரம் பாத்ரூம் குழாயைத் திறந்துவிட வேண்டும், வெளியே கேட்காது. வெயிட் தொலைந்தால் பட்டினி, ஆகவே இரண்டாக எடுத்துப்போக வேண்டும்.

போன வருஷம் எங்கள் வீட்டுக்கும் இதெல்லாம் கிடைத்தது. கூடவே அப்பாவுக்கு ஒரு யோசனை இலவசம்.

"கணக்குல பெயிலானவனுக்கு ஆல்ப்ஸ் எதுக்கு? இங்கயே உக்காந்து படிக்கட்டும்."

தங்கை ஷியாமளா பனியில் உருண்டாள். நான் ஜூலை வெயிலில், அப்பாவின் நண்பர் ரகுநாதன் அங்கிள் ரூமில், அல்ஜீப்ராவோடு கிடந்தேன். மாமியை ஒருநாள் வேகாத அரிசியின் முன்னால் உட்கார வைப்பது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இந்த வருஷம் மாமி தன் வீட்டுக்காரர் பாஸ்கர் மாமாவோடு கிளம்பினார். மாமாவுக்கு இதுதான் முதல் தடவை. பெட்டி கட்ட உதவுகிறேன் என்று நானே போய் நின்றேன். குக்கரோடு வைத்திருந்த இரண்டு வெயிட்டும் என் பேண்ட் பாக்கெட்டுக்கு வந்தன. ஜெனீவாவில் மாமி வெறும் ரொட்டியை மெல்லுவதை நினைக்க நினைக்க மனசு குளுகுளுவென்று இருந்தது.

அப்போது பாஸ்கர் மாமா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு அல்சர். லீவு முடிந்ததும் ஆபரேஷன்.

"மாமி கொழைய வைக்கற சாதம் ஒண்ணுதான்டா இந்த வயித்துல நிக்கறது. அதை நம்பித்தான் கிளம்பறேன். கத்தி வைக்கறதுக்கு முன்னாடி பனியை ஒரு தடவை பார்த்துடணும்."

என் பகை மாமியோடு. மாமாவின் குடலோடு இல்லை. அவர் எழுந்து போனதும் ஒரு வெயிட்டைத் திரும்ப வைத்தேன். சாதத்துக்கு ஒன்று போதும். அதுவும் தொலைந்துவிடுமோ என்று மாமி ஊர் ஊராகப் பதறட்டும்.

பெட்டியை மூடிவிட்டுத் திரும்பினேன். கதவருகில் மாமி நின்றிருந்தார், எத்தனை நேரமாகவோ. கையை நீட்டினார்.

"இன்னொண்ணு எங்கடா?"