திலகவதி மிஸ்ஸின் கறுப்புத் துணி

சனிக்கிழமை காலை வெள்ளவத்தையில் எங்கள் ஆங்கில வகுப்பைத் திறந்து டிவியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ரவீந்திரன் சேர் போன் எடுத்தார். "செல்வம், திலகவதி மிஸ் களுபோவில ஆஸ்பத்திரியில..." என்றார். "அங்கயும் போயி நர்ஸ்மாருக்கு கிளாஸ் எடுக்கிறாங்களா சேர்?" என்று கேட்டேன். சேர் சிரிக்கவில்லை. "விடிய அஞ்சு மணிக்கு முடிஞ்சுது" என்றார்.

இந்த நினைவு மலரை வாசிக்கும், மிஸ்ஸை அறிந்த உங்களுக்கு என்னையும் தெரிந்திருக்கும். பிள்ளைகள் உட்காரக் கதிரை அடுக்குகிறவன், ரிமோட் வைத்திருக்கிறவன், கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வருகிறவன். தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு சரி. ஆங்கில எழுத்து ஒன்றும் தெரியாது. கடற்கரை ரயில் போகும்போது வகுப்பில் ஒரு சொல்லும் கேட்காது. மிஸ் கையை உயர்த்துவார், நான் வீடியோவை நிறுத்துவேன். "ரயில் கதைச்சு முடியட்டும்" என்பார். "அதுவும் இங்கிலீஷ்தான் பேசுதுங்க மிஸ், எனக்கு ஒண்ணும் விளங்கல" என்பேன். சிரிப்பதைப் பிள்ளைகள் பார்க்கக்கூடாதென்று புத்தகத்தால் வாயை மறைத்துக்கொள்வார்.

வீடியோவின் அடியில் ஓடும் சப்டைட்டில்தான் மிஸ்ஸுக்கும் ரவீந்திரன் சேருக்கும் ஓயாத சண்டை. "எழுத்து இல்லாட்டி பயந்துபோவினம் மிஸ். அது கைப்பிடி மாதிரி" என்பார் சேர். "எழுத்தைக் கண்டா காது நித்திரை கொண்டிடும் தம்பி. கைப்பிடியப் பிடிச்சுக்கொண்டே நிண்டா எப்ப நடக்கிறது?" என்பார் மிஸ்.

ஒருநாள் வீட்டிலிருந்து கறுப்புத் துணி கொண்டுவந்து, எழுத்து மறையும்படி டிவியின் அடிப்பக்கத்தில் கட்டினார். என்னை முன்னால் இருத்தினார். "செல்வம், உமக்கு வாசிக்கத் தெரியாது. காதை மட்டும் வைச்சுப் பாரும். விளங்கினதைச் சொல்லும்." ஒரு பெண் கிழிந்த குடையைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போகும் வீடியோ அது. முடிந்ததும் கதை முழுவதையும் சொன்னேன். கடைக்காரர் என்ன சாட்டுச் சொன்னார், அந்தப் பெண் எந்த இடத்தில் கோபப்பட்டாள், ஒன்றையும் விடவில்லை.

உண்மை என்னவென்றால், அதற்கு இரண்டு நாளைக்கு முன் அதே வீடியோவை ரவீந்திரன் சேர் எழுத்தோடு போட்டார். பிள்ளைகள் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னதையெல்லாம் நான் பின்னால் நின்று கேட்டிருந்தேன். பகிடிக்குத்தான் செய்தேன். எல்லாரும் சிரித்த பிறகு சொல்லிவிடலாம் என்றிருந்தேன். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. மிஸ்ஸின் கண் கலங்கியிருந்தது. "பாத்தீரே செல்வம்? உமக்கு ஏலும் எண்டு எனக்குத் தெரியும்" என்றார். என்னைப் பார்த்து அப்படி ஒருவரும் அதுவரை சொன்னதில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

ஆசிரியர்கள் கூட்டத்தில் "செல்வத்துக்கே விளங்கினது" என்று மிஸ் சொன்னார். அதற்கு மேல் சேரால் பேச முடியவில்லை. எல்லா வகுப்பிலும் துணி தொங்கியது.

லோஜினியை நினைவிருக்கிறதா? காலி வீதியில் சாரிக்கடையில் வேலை செய்த பிள்ளை. வெளிநாட்டில் இருக்கும் கணவனிடம் போக ஆங்கிலப் பரீட்சை பாஸ் பண்ண வேண்டியிருந்தது. ஒருநாள் படியில் மறித்தாள். "அண்ணே, எனக்கு ஒரு பக்கக் காது கேக்காது. மற்றதும் அரைவாசிதான். எழுத்தைப் பாத்துத்தான் சமாளிச்சனான். மிஸ்ஸிட்ட சொல்ல வெக்கமாக் கிடக்கு. துணியக் கொஞ்சம் தூக்கிவிடுங்கோவன்." ஒருமுறை தூக்கினேன். "செல்வம், துணி" என்றார் மிஸ். இறக்கிவிட்டேன். அவளுக்காகப் பேசப் போனால் என் பொய்யையும் சொல்ல வேண்டிவரும். பேசவில்லை. நாலு கிழமை வந்தாள், பிறகு நின்றுவிட்டாள். "ஏன் செல்வம் அந்தப் பிள்ளை வாறேல்லை?" என்று மிஸ் மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் ஏதோ பகிடி சொன்னேன்.

இப்போது டிவியைப் போட முன், கறுத்த கண்ணாடியில் பின்னாலிருக்கும் மிஸ்ஸின் கதிரை தெரிகிறது. வெறுங்கதிரைதான். ஆனாலும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன்.

போன கிழமை இந்த நினைவு மலருக்காகக் கூடியபோது ரவீந்திரன் சேரே எழுந்து, "மிஸ்ஸின்ர ஞாபகமா அந்தத் துணி எண்டைக்கும் இருக்கட்டும்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். முதலில் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். பிறகு சேர் போய்த் துணியை அவிழ்த்தார். என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

மறுநாள் சாரிக்கடைக்குப் போனேன். லோஜினி இன்னும் அங்கேதான் நிற்கிறாள். "வகுப்புக்கு வாங்க தங்கச்சி, துணியை எடுத்தாச்சு" என்றேன். கேட்கிற காதைத் திருப்பி, "மெய்யே அண்ணே? மிஸ் ஏசமாட்டாவோ?" என்றாள். மிஸ் போய்விட்டதை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மெதுவாகச் சொன்னேன். "என்ன அண்ணே?" என்று சிரித்தபடி கேட்டாள். கடை நிறையச் சனம். இரண்டாவது தரம் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

அவள் இந்தச் சனிக்கிழமை வருகிறாள். மிஸ்ஸிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, அன்றைக்கு அவர் என்னை நம்பிப் பார்த்த அந்தப் பார்வை. அது எனக்கு உரியதல்ல. திருப்பிக் கொடுக்க ஆளில்லாததால் வைத்திருக்கிறேன்.