போனில் கேட்ட மூச்சு

எங்கள் வீட்டில் என் வீசிங்குக்குத்தான் முதல் மரியாதை. அதன் மனசு கோணாமல்தான் தயிர் ஊற்றுவார்கள், ஃபேன் போடுவார்கள், கல்யாணத்துக்குக் கிளம்புவார்கள். சுனாமிக்கு அடுத்த மழைக்காலம் அது. மரக்காணத்து உப்பளப் பாத்திகளெல்லாம் ஏரியாக நிரம்பிக் கிடந்தன. வீட்டுச் சுவர்கூட ஈரம். ஒன்பது வயதான எனக்கு வாரம் தவறாமல் நெஞ்சு அடைக்கும். அம்மா போட்டது போட்டபடி என்னை இழுத்துக்கொண்டு பாண்டிச்சேரி பஸ் ஏறுவாள்.

கடைசியில் ஒரு டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். தினமும் காலையில், அப்புறம் நெஞ்சு அடைக்கும்போதெல்லாம். வெளியே கூட்டம் நெரிந்ததால் எப்படிப் போடுவது என்று அவர் காட்டவில்லை. மருந்துக்கடைக்காரர் மட்டும், "வாயில அடிச்சுக்க வேண்டியதுதாம்மா" என்றார். எங்கள் படிப்பு அவ்வளவுதான். நான் வாயைத் திறப்பேன், அம்மா கொசு மருந்துபோல அடிப்பாள், நான் சட்டென்று மூடி விழுங்குவேன். மேலே ஒரு டம்ளர் வெந்நீர் வேறு. மருந்து வயிற்றில் இறங்கி, அங்கிருந்து நெஞ்சுக்கு ஏறும் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். டப்பா காலியானது, வீசிங் போகவில்லை. "டூப்ளிகேட் மருந்தக் குடுத்து ஏமாத்திட்டான்" என்று அம்மா மருந்துக்கடைக்காரரைத் திட்டித் தீர்த்தாள்.

அத்தா, அதாவது என் அப்பா, குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவர். வெள்ளிக்கிழமைதோறும் கார்டு போட்டு போன் செய்வார். அம்மா புலம்பியதைக் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அடிச்சதும் வாயிலேர்ந்து புகை வருதா?"

"வருதுத்தா."

"அப்ப உள்ள போகலடா. அவ்வளவும் வெளிய போயிடுச்சு."

ரிசீவரை என் வாய்க்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி அம்மாவுக்கு உத்தரவு. "மருந்த அழுத்தாத, சும்மா செஞ்சு காட்டு. மொதல்ல உள்ள இருக்கற மூச்செல்லாம் விடு. உதட்ட இறுக்கி மூடிக்கோ. இழுக்க ஆரம்பிக்கறப்பவே அழுத்தணும். இப்ப இழு." இழுத்தேன். "என்னடா, ரசம் உறிஞ்சற சத்தம் கேக்குது. இன்னும் மெதுவா." பிறகு மூச்சை அடக்கச் சொல்லிவிட்டு, அங்கிருந்து பத்து வரைக்கும் எண்ணினார்.

அம்மா புது டப்பா வாங்கினாள். அதிலிருந்து எல்லா வெள்ளிக்கிழமையும் இதே கூத்து. பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது, யாரோடு சண்டை, ஒன்றும் கேட்க மாட்டார். இழு, அடக்கு, விடு. எனக்கு எரிச்சலாக வரும். ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாவின் முறை வரும்போது, அவள் "ஏங்க" என்பாள், கார்டு தீர்ந்து லைன் போய்விடும். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருப்பாள். "உன்கிட்ட பேசவே இல்லியேம்மா" என்று ஒரு நாள் கேட்டேன். "உனக்கு மூச்சு நல்லா வரட்டும்டா, நாங்க அப்புறம் பேசிக்கறோம்" என்றாள்.

ஒரு மழை நாளில் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. வீட்டில் யாரும் இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, இன்ஹேலரைக் குலுக்கி, மூச்சை விட்டு, அழுத்திக்கொண்டே மெதுவாக இழுத்து, பத்து எண்ணினேன். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. அம்மா திரும்பி வந்தபோது நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். விஷயத்தைச் சொன்னதும் நம்பாமல் என் மார்பில் காதை வைத்துப் பார்த்தாள். அப்படியே அழுதாள். அந்த வெள்ளிக்கிழமை அத்தா என்னை இழுக்கச் சொல்லவில்லை. "போன அம்மாகிட்ட குடு" என்றார்.

அடுத்த வருஷம் லீவில் வந்தார். சாப்பிடும்போது அம்மா கேட்டாள்: "இதெல்லாம் உங்களுக்கு யாருங்க சொல்லிக் குடுத்தது?"

"முதலாளி பையனுக்கும் இதே கோளாறுதான். இவன் வயசு. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிட்டுப் போவேன், நர்ஸு என்கிட்டதான் காட்டிக் குடுத்தாங்க. தினம் ஸ்கூலுக்கு முன்னாடி நான்தான் போட்டு விடறேன்."

அம்மா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். நான்தான் கேட்டேன்: "அவனுக்குத் தானாப் போட்டுக்கத் தெரியாதா?"

"தெரியாது. நான் புடிச்சாத்தான் வாயத் தொறப்பான்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனை கார் வைத்திருக்கும் வீட்டுப் பையனுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை நான் யூனிஃபார்மில் நின்றபோது, அத்தா இன்ஹேலரைக் குலுக்கிக்கொண்டு வந்தார். என் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, பிடரியில் ஒரு கையை வைத்து, "வாயத் தொறடா கண்ணு" என்றார்.

"எனக்கே தெரியும்த்தா" என்று அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். துளிப் புகை வெளியே வராமல் இழுத்து, பத்து வரைக்கும் அடக்கிக் காட்டிவிட்டு, பரிசு வாங்க நிற்பவனைப்போல நின்றேன். அத்தா இன்னும் முட்டி போட்டபடியே இருந்தார். "நல்லாவே போடற" என்றார்.

"நாளைக்கு அத்தா கையால போட்டுக்கோடா" என்றாள் அம்மா.

"எதுக்கு? நான் என்ன கொழந்தையா?"

தினமும் நானே போட்டுக் காட்டினால் அத்தாவுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். லீவு முடிந்து அவர் கிளம்பும்வரை ஒரு நாள்கூட அதை அவர் கையில் கொடுக்கவில்லை.